கடைசிப் பக்கம் வரை மணல்

அம்சா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். மணல் கொட்டியது. விரித்துப் பார்த்தாள். நடுவில் மணல். அதற்குப் பிறகும் மணல். கடைசிப் பக்கத்துக்கும் பின்னட்டைக்கும் இடையில் ஒரு சிட்டிகை.

"முடிச்சிட்டுத்தான் போயிக்கீறான்."

"யாரு?" கீழே பல் துலக்கிக்கொண்டிருந்த ஜோயல் அண்ணாந்து பார்த்தான்.

"மூணாம் நம்பர் ரூம் தாடிக்காரன். ஆமை புக்கு. மொத்தமும் படிச்சிக்கீறான்."

"போவசொல்ல என் துண்டையும் எடுத்துக்கினு பூட்டான். அதுக்கு இன்னா சொல்ற?"

"துண்டு உன் பேஜாரு. எனக்கு புக்கு வந்துச்சி."

அம்சா புத்தகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஜோயலின் விடுதி மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் இருந்தது. அங்கே அறைகளைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகும் புத்தகங்களை முதலில் பழைய பேப்பர்காரனுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்த மறுவருடம் அவள் அதை நிறுத்தினாள். மாடிப்படிக்கு அடியில் உடைந்த கட்டில் கிடந்த இடத்தைக் காலி செய்து, பலகை அடித்து, அலமாரி ஆக்கினாள். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுக்கலாம். உள்ளூர்க்காரர்கள் சும்மாவே எடுத்துப் போகலாம், திருப்பித் தரவேண்டும். இதெல்லாம் அவள் போட்ட சட்டம். ஜோயல் அதில் தலையிடவில்லை.

தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் பிறந்தது அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவளைச் செங்கல்பட்டில் மாணவியர் விடுதியில் சேர்த்துப் பத்தாவது வரை படிக்கவைத்தார்கள். அந்த விடுதியில் ஒரு இரும்பு பீரோ நிறையப் புத்தகம் இருந்தது. பட்டுப்புழு வளர்ப்பு, கப்பல் பயணம், ஒரு ராணியின் வாழ்க்கை, துப்பறியும் கதை, தேனீ, தையல் எல்லாவற்றையும் படித்தாள். படித்ததோடு விடவில்லை. எந்தப் பெண் எதைப் படிக்கவேண்டும் என்றும் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டு நினைப்பில் அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம் பட்டுப்புழுவைக் கொடுத்தாள். புழு கூடு கட்டும் இடம் வருவதற்குள் அவள் அழுகையை நிறுத்திவிட்டாளாம். அம்சா இதை எல்லோரிடமும் சொல்வாள்.

ஆங்கிலம் அப்படியில்லை. எழுத்துக் கூட்டுவாள். வரியின் கடைசிக்குப் போவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் படத்தோடு சரி. அதனால் அவள் மணலைப் பார்த்தாள். கடற்கரையில் படுத்துப் படிக்கிறவர்கள் விரித்த பக்கத்தில் எல்லாம் மணல் விழும். இருபதாம் பக்கத்தோடு மணல் நின்றுபோன புத்தகம் கீழ்த் தட்டுக்குப் போகும். கடைசி வரை மணல் இருந்தால் மேல் தட்டு. உடம்பில் பூசும் எண்ணெய்க் கறை, மடித்த ஓரம், டம்ளர் வைத்த வட்டம் எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. திருப்பித் தருகிறவர்களிடம் கை ஜாடையில் கதை கேட்டுக்கொள்வாள். பிறகு இன்னொருவரிடம் கை ஜாடையில் சொல்வாள்.

யாருக்கு எது என்பதிலும் அவளுக்குச் சொந்தக் கொள்கை இருந்தது. முழங்காலில் கட்டுப் போட்டிருந்தவனுக்கு மலையேறுகிற புத்தகத்தைக் கொடுத்தாள். ஜோயல் சிரித்தான்.

"நடக்க முடியாதவனுக்கு மலையா?"

"ஏற முடிஞ்சவன் ஏறுவான். இன்னாத்துக்குப் படிக்கப்போறான்?"

கடலில் குளிக்க வந்தவர்களுக்குப் பாலைவனம். இட்லி வேண்டாம் ரொட்டி எங்கே என்று தினமும் கேட்டவளுக்கு ரொட்டி சுடுகிற புத்தகம். அவள் ஒரு வாரம் ஜோயலின் சமையல்கட்டில் மாவும் கையுமாக நின்றாள். ஜோயலுக்கு அந்த வாரம் அடுப்பு கிடைக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில் அலமாரிக்கு ஆபத்து வந்தது. ஊரப்பாக்கத்தில் இருந்த ஜோயலின் மைத்துனன் ஒரு கம்ப்யூட்டர் தருவதாகச் சொன்னான். வெளிநாட்டுக்காரர்கள் இப்போது புத்தகம் கேட்பதில்லை, மெயில் பார்க்க இடம் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் போட மாடிப்படிக்கு அடிதான் தோது என்று ஜோயல் அளந்து பார்த்தான்.

"அலமாரிய இன்னா செய்யிற?" என்றாள் அம்சா.

"பின்னாடி ஷெட்ல போடு."

"ஷெட்ல எலி படிக்குமா?"

அவள் அன்று அறைகளைச் சத்தமாகப் பெருக்கினாள். அலமாரி போனால் அவள் அறை பெருக்குகிற ஆள், அவ்வளவுதான். அலமாரி இருந்ததால் ஆட்கள் அவளைப் பெயர் சொல்லித் தேடி வந்தார்கள்.

அப்படி வருகிறவர்களில் பார்வதம் ஒருத்தி. கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்தில் வீடு. புதன்கிழமை தோறும் காய்கறிப் பையோடு பேருந்தில் வந்து இறங்குவாள். அவள் வீட்டுப் பக்கமும் நூலகம் இருந்தது. அங்கே கேட்ட புத்தகத்தைக் கொடுப்பார்கள். இதைப் படி என்று சொல்ல ஆள் இல்லை. அதற்காக அவள் இங்கே வந்தாள். அவள் கணவர் தாமோதரன் அணு ஆராய்ச்சி மையத்தில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னை விடு. அவருக்கு ஏதாவது குடேன்," என்றாள் அந்தப் புதன்கிழமை. "ரிடையராகி ஒன்றரை வருஷமாச்சு. ஒரு புத்தகத்தைத் தொடலை. காலைல பேப்பர்ல மழை வருமான்னு பார்ப்பாரு. அப்புறம் நாள் முழுக்க என்னைத்தான் படிக்கிறாரு. குக்கர் ஏன் நாலு விசில், மூணு போதாதாங்கிறாரு."

"தரேம்மா. படிக்கிற மாதிரி தரேன்."

"நீ கொடுத்து அவர் படிச்சிட்டாலும்!"

ஜோயல் கணக்கு மேசையில் இருந்து நிமிர்ந்தான். அவனுக்குப் பந்தயம் என்றால் போதும். எந்தப் படகு முதலில் கரைக்கு வரும், எந்த அறைக்காரன் சாவியைத் தொலைப்பான் எல்லாவற்றுக்கும் பந்தயம் கட்டுவான்.

"அம்சா, பந்தயம். பொங்கலுக்குள்ள சாரு ஒரு புக்க முழுசா படிச்சிட்டாருன்னா அலமாரி இங்கியே கெடக்கட்டும். இல்லன்னா ஷெட்டு."

"பேச்சு மாற மாட்டியே?"

"பார்வதம்மா சாட்சி."

முதலில் ஒரு கொலைக் கதை போயிற்று. தாமோதரன் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, கொன்றவன் டாக்டர் என்று பார்வதத்திடமும் சொல்லிவிட்டு, மூடி வைத்தார். அடுத்த வாரம், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தவர்களின் கதை. முப்பது பக்கம் நகர்ந்தது. படகுக்குள் புகுந்த தண்ணீரை அவர்கள் இறைத்த விதம் தவறு என்று தோன்றியதால் அதற்கு மேல் போகவில்லை.

"மூழ்கட்டும், எனக்கென்னங்கிறாரு," என்றாள் பார்வதம்.

ஜோயல் மாடிப்படிக்கு அடியில் நின்று, பிளக் எங்கே வைக்கலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தான்.

அம்சா மேல் தட்டில் இருந்து ஒன்றை உருவினாள். அட்டை போய்விட்டது. அவளே காலண்டர் தாளில் உறை போட்டிருந்தாள். அலமாரியில் அதைவிட அதிகம் அடிபட்ட புத்தகம் இல்லை. ஒரே பருவத்தில் மூன்று பேர் எடுத்தார்கள். மூன்று பேரும் கடைசிப் பக்கம் வரை போயிருந்தார்கள். ஓரங்கள் மடிந்து, வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, சில பக்கங்கள் ஈரம்பட்டு நெளிந்திருந்தன. கடைசியாகப் படித்த ஐந்தாம் நம்பர் பெண்ணிடம் எப்படி என்று ஜாடையில் கேட்டாள். அந்தப் பெண் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். கண்ணை உருட்டினாள். பிறகு புத்தகத்தைத் தொட்டுக்காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். அம்சாவும் அவளோடு சேர்ந்து சிரித்தாள்.

"சாரு சிரிச்சி எத்தினி நாளாச்சிம்மா?"

பார்வதம் யோசித்தாள். "கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோ இருக்கு. அதுவும் போட்டோக்காரர் சொன்னதால."

"அப்ப இதான். மூணு பேரு முழுசா படிச்சிக்கீறாங்க. சிரிப்பு புக்கு. கண்ணுல தண்ணி வந்து பக்கமெல்லாம் நனைஞ்சிக்கீது பாரு. இதுவும் ஆவலன்னா நானே ஷெட்டுக்குத் தூக்கினு போறேன்."

பேருந்து வந்துவிட்டது. பார்வதம் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் முருங்கைக்காய்க்கு நடுவில் செருகிக்கொண்டு ஓடினாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, அதுவும் ஒரு புதன்கிழமை, பேருந்தில் இருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். பார்வதம் பின்னால் வந்தாள். முன்னால் வந்தவர் காலண்டர் உறை போட்ட புத்தகத்தைக் கோப்பு மாதிரி மார்போடு அணைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்சாங்கிறது?"

"நான்தான் சார்."

"இது சிரிப்புப் புத்தகம்னு என் வீட்ல சொன்னாங்க."

"ஆமா சார்."

"எந்தப் பக்கத்துல சிரிக்கணும்?"

அம்சா பார்வதத்தைப் பார்த்தாள். பார்வதம் வானத்தைப் பார்த்தாள்.

"நாப்பதாம் பக்கத்துல அமீபா வருது. அதுலயா? அதுக்கப்புறம் டைபாய்டு. கடைசியில கொக்கிப்புழு." தாமோதரன் புத்தகத்தை மேசையில் வைத்தார். "வெயில் நாடுகளுக்குப் போற வெள்ளைக்காரங்களுக்கு வயிறு ஏன் கெட்டுப்போகுது, கெட்டா என்ன செய்யணும்னு ஒரு டாக்டர் எழுதியிருக்காரு. இதான்மா புத்தகம்."

ஜோயல் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "சிரிப்பு புக்கு! பேதி புக்க குடுத்துட்டு சிரிப்பு புக்குன்ட்டா! அம்சா, ஷெட்டு சாவி வேணுமா?"

அம்சா ஐந்தாம் நம்பர் பெண்ணை நினைத்துப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்தது. குனிந்தது. கண்ணை உருட்டியது. அவள் அப்படி நின்றபோது எதிரில் தான் நின்று சிரித்தது. முகம் சூடாயிற்று. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"எவ்ளோ தூரம் சார் படிச்சீங்க?"

"எவ்வளவு தூரமா? ரெண்டு தடவை படிச்சேன்."

ஜோயலின் சிரிப்பு நின்றது.

"முழுசாவா சார்?"

"பின்னிணைப்பு உட்பட. இந்த மாதிரி புத்தகம் எழுத ஆள் இல்லம்மா. சுத்தி வளைக்கல. இது காரணம், இது விளைவு, இது செய்ய வேண்டியது."

"சாப்பிடும்போது எனக்கும் வாசிச்சுக் காட்டினாரு," என்றாள் பார்வதம். "சாம்பார் ஊத்தின பிறகு."

"ஒண்ணே ஒண்ணு," தாமோதரன் ஜோயல் பக்கம் திரும்பினார். "இதை இந்த லாட்ஜ்ல மூணு பேர் படிச்சதா என் வீட்ல சொன்னாங்க. மூணு பேரும் கோடு போட்டிருக்காங்க. மூணு கலர் மை. ஆனா கோடு ஒரே அத்தியாயத்துல. குடிதண்ணீர்த் தொட்டி. உங்க தொட்டி எங்க இருக்கு?"

"நல்லாத்தான் சார் கீது."

"எங்க இருக்குன்னு கேட்டேன்."

மொட்டைமாடிக்கு நால்வரும் ஏறினார்கள். தொட்டிக்கு மூடி இல்லை. ஒரு கல்நார் தகடு, அதன் மேல் செங்கல். தாமோதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகட்டை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் அவர் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து தான் பார்த்ததில்லை என்று பார்வதம் அம்சாவின் காதில் சொன்னாள்.

"தவளை இருக்கு."

"அது இங்கியே பொறந்தது சார்," என்றான் ஜோயல். "தண்ணி சுத்தமா இருந்தாதான் தவளை இருக்கும்னு சொல்லுவாங்க."

"யார் சொல்லுவாங்க?"

தாமோதரன் இன்னும் குனிந்தார்.

"பாசி. பந்து ஒண்ணு. அது என்ன, செருப்பா?"

அம்சா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். மெதுவாக அவளுக்குப் புரிந்தது. மூன்று பேர். ஒரே பருவம். கடைசிப் பக்கம் வரை.

"அண்ணாத்த," என்றாள். "இந்த புக்கு இவ்ளோ ஓடினதே உன்னாலதான்."

பார்வதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தாமோதரனிடம் இருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தார்கள். அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஜோயல் தவளையைப் பார்த்தான், அம்சாவைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

"வெளிய சொல்லாத அம்சா. பொழப்பு பூடும்."

"அலமாரி?"

"கெடக்கட்டும். எங்க கீதோ அங்கியே கெடக்கட்டும்."

"பந்தயத்துல நீ தோத்துட்ட. பார்வதம்மா சாட்சி."

"தோத்துட்டேன்மா. எறங்கு."

கீழே வந்ததும் தாமோதரன் அலமாரி முன்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தட்டுத் தட்டாக முதுகுகளைப் படித்தார். சில புத்தகங்கள் தலைகீழாக இருந்தன. அவற்றைத் திருப்பி வைத்தார். அம்சா பின்னால் நின்று, எது மூன்று பேர் படித்தது, எது பாதியில் நின்றது, எதைப் படித்துக்கொண்டிருந்து ஒருவன் ரயிலைத் தவறவிட்டான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஆங்கிலப் புத்தகம் ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்துச் சொன்னார். தேயிலைத் தோட்டம். நாய் பழக்குவது. ஒரு பாடகியின் வாழ்க்கை. சிறையில் இருந்து தப்பியவன். பாதிக்கு அவள் நினைத்தது சரியாக இருந்தது. தையல் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று அறுவை சிகிச்சை.

"அத்த ஒரு பொண்ணு பாவாடை தைக்கன்னு எடுத்துனு போச்சி சார்."

"திருப்பிக் கொடுத்தாளா?"

"குடுத்துச்சி. நல்லாயிருந்துச்சின்னு சொல்லிச்சி."

அவர் தலையை ஆட்டினார். "கொசு பத்தி ஏதாவது இருக்கா?"

"அம்சா, இல்லன்னு சொல்லு," என்றாள் பார்வதம்.

"கீது சார். ஆனா அது கொசுவா ஈயான்னு தெரியல. படம் சின்னது. ஒருத்தர்தான் படிச்சிக்கீறாரு, ஆனா முழுசா."

அவர் அதை வாங்கிப் பார்த்து, கொசுதான் என்றார். காய்கறிப் பையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. தொட்டி கழுவ இரண்டு ஆட்கள் காலையிலேயே வந்தார்கள். பிற்பகல் வரை குழாயில் தண்ணீர் இல்லை. அறைக்காரர்களுக்கு ஜோயல் குடத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். தவளையைக் கிணற்றடியில் விட்டார்கள். ஊரப்பாக்கம் மைத்துனனுக்குப் போன் செய்து, கம்ப்யூட்டரைப் பொங்கல் கழித்து அனுப்பச் சொன்னான். கணக்கு மேசையை ஜன்னல் பக்கம் தள்ளினால் இடம் வரும் என்று தெரிந்தது. அம்சா நான்கு அறைகள் பெருக்கினாள், இரண்டு படுக்கை விரிப்புகளைத் துவைக்கப் போட்டாள். மத்தியானம் போகிக்குப் பழைய பாய்களை எடுத்துக் கட்டினாள். சாயங்காலம் சென்னையில் இருந்து ஒரு வேன் வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். இரண்டு அறை கேட்டார்கள்.