தோற்பதற்குச் சம்பளம் வாங்கிய ரஞ்சினி அக்கா

போன சனிக்கிழமை மான்ட்ரியல் பக்கம் ரொக்ஸ்பரோவில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிந்ததும் ஒரு குழந்தையைக்கூடக் காணோம். எல்லாம் பேஸ்மென்ட்டில்!

இறங்கிப் பார்த்தால்... பின்பால் மெஷின். கண்ணாடி போட்ட சாய்வு மேஜை, உள்ளே ஓடும் இரும்புக் குண்டு, அதைத் தட்டிவிட இரண்டு குட்டிக் கைகள். வீட்டுக்கு வீடு வீடியோ கேம் வந்துவிட்ட காலத்தில் இதை யார் வாங்குவார்கள்?

"வாங்கேல்லை, தம்பி. நாங்கள் செய்தது" என்றார் வீட்டுக்கார ரஞ்சினி அக்கா, கையில் மட்டன் ரோல்ஸ் தட்டோடு. யாழ்ப்பாணத்துக்காரர்.

மான்ட்ரியலில் பின்பால் கம்பெனியா? இருந்திருக்கிறது! உலகமே பின்பாலைக் கைகழுவிய நேரம். புது நூற்றாண்டு பிறந்த கையோடு, ஒரு கியூபெக்காரர் இங்கேயே கார்ட்டியர்வில் பகுதியில் ஷெட் பிடித்து ஆரம்பித்தாராம். ஒரே ஒரு மாடல். இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனாலும் என்ன துணிச்சல்! பார்க்காமலே அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அக்கா அங்கே வயரிங் வேலைக்குப் போனவர். பிறகு டெஸ்டிங். அதாவது, நாள் முழுக்க விளையாட வேண்டும்.

"ஊரிலை மாமிக்குச் சொல்லேலுமே? 'மெஷின் செக்கிங்' எண்டு சமாளிச்சனான்."

மற்ற டெஸ்டர்கள் எல்லாரும் கில்லாடிகளாம். "அவங்கள் வெல்லப் பாத்தாங்கள். நான் தோக்கப் பாத்தனான். காசு போடுற சனம் முக்கால்வாசி தோக்கிற ஆக்கள்தானே?"

அடேங்கப்பா, என்ன மூளை! அப்படி நோஞ்சானாகத் தட்டியபோதுதான் தெரிந்தது — மெதுவாக உருளும் குண்டு ஒரு வளைவுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. மெஷினைத் திறந்தால்தான் எடுக்க முடியும். வெளியே முதல் ஆர்டரை ஏற்ற லாரி காத்து நிற்கிறது. அக்கா 'ஓகே' ஸ்டிக்கரை ஒட்ட மாட்டேன் என்றுவிட்டார். முதலாளியும் வற்புறுத்தவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. எல்லாவற்றையும் சரிசெய்து முடிப்பதற்குள், ஆர்டர் கொடுத்தவர் கையை விரித்துவிட்டார். கொஞ்ச நாளில் கம்பெனிக்கும் பூட்டு.

"நான் ஒட்டியிருந்தா கொம்பனி நிண்டிருக்குமோ எண்டு இண்டைக்கும் மனம் அரிக்குது. முதலாளியிட்டைக் கேக்கவும் பயம்." அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"அவர் இப்ப எங்கக்கா?"

"அந்தா, விளையாடிக்கொண்டு நிக்கிறார்."

பிள்ளைகளுக்கு நடுவில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரர்! என் வாய் சும்மா இருக்குமா? என் அரைகுறை பிரெஞ்சில் கேட்டே விட்டேன். அக்கா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே...

அவர் குண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த ஆர்டர் போயிருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருப்போம்" என்றார்.

அக்கா முகம் சுருங்கிப்போனது.

"ஆனால் மதாம் ரஞ்சினி, நான் வாழ்க்கையில் செய்தது இந்த ஒரு மாடல்தான். விற்ற கொஞ்ச மெஷின்களில் குண்டு மாட்டிக்கொண்டது என்று இன்றுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அது நீங்கள் கொடுத்தது."

அக்கா ரோல்ஸ் தட்டை என் கையில் திணித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றார்.

இந்த முறை ஜெயிக்க ஆடினார் — அதற்கப்புறம் ஒரு பிள்ளைக்கும் சான்ஸ் கிடைக்கவில்லை!