பூவைத் தொடவேண்டிய சிவப்புக் கோடு

1. முதல் விரிப்பு

"கலியாணத்துக்கு முதலே ரெண்டும் முகத்தத் திருப்பிக்கிட்டுப் போகுதுகளே!" என்றார் சம்மாந்துறையிலிருந்து வந்த மணப்பெண்ணின் உம்மா.

நான் நெய்த கட்டில் விரிப்பில் சரிவாக ஏறிய இரண்டு சிவப்புக் கோடுகளைத்தான் சொன்னார். இரண்டாவது கோடு முதலாவதற்குச் சமாந்தரமாகப் போகவேண்டும், மேலே நெய்யவிருக்கும் பூ வேலைப்பாட்டின் அடியையும் தொடவேண்டும். அவர் கேட்டது அதுதான். பூவைத் தொட்டது. சாய்வு கெட்டுவிட்டது.

தறியில் கீழிருந்துதான் நெய்து ஏறவேண்டும். பூ வருவதற்கு வெகு முன்பே கோட்டைத் தொடங்கியாக வேண்டும். நான் கண்மட்டத்துக்குப் பாவின் நெடுக்கு நூல்களில் நூற்றிருபதாவது இழையில் தொடங்கினேன். பூ கிட்ட வந்தபோது எட்டவில்லை. அவசரமாக வலப்பக்கம் இழுத்தேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில், மருதமுனையில் ஆசியா மாமியின் தறியில் எனக்கு அது முதல் பெரிய வேலை.

"பாவுல இன்னும் ஒரு விரிப்புக்குத்தான் நூல் கிடக்கு. அதுவும் பழுதாப் போனா, நீ மறுகா தார் சுத்தத்தான் போகணும் புள்ள. தறிய வேற ஆளுக்குக் குடுத்திருவன்" என்றார் மாமி.

குழலில் நூல் சுற்றிக் கொடுக்கும் அந்தத் தார் வேலையை இரண்டு வருடம் செய்துதான் தறிக்கு வந்திருந்தேன். குனிந்தபடி விரிப்பை மடித்தேன்.

2. மணலில் ஈர்க்கில்

இருப்பதும் எழும்புவதுமாக இருந்தேன். அஸர் தொழுதுவிட்டு வளவு மணலில் ஈர்க்கில்களைக் குத்திக் கணக்குப் பார்த்தேன்.

முதல் கோட்டின் கணக்கு எனக்குத் தெரியும். பத்தாவது இழையில் தொடக்கம். நாலு ஊடைக்கு, அதாவது நாலு குறுக்கு நூலுக்கு, ஓர் இழை வலப்பக்கம். சமாந்தரம் என்றால் இந்த நாலு மாறவே கூடாது. மாறக்கூடியது தொடக்கம் மட்டும்தான்.

பூவின் அடி நானூறாவது ஊடையில், இருநூற்றைம்பதாவது இழையில் வரும். அங்கிருந்து கீழே இறங்கிப் பார்த்தேன். நானூறை நாலால் பிரித்தால் நூறு. இருநூற்றைம்பதில் நூறு போக நூற்றைம்பது. தொடங்கவேண்டிய இழை அதுதான்.

இதையே பல வருடம் கழித்து என் மகள் கொப்பியில் சமன்பாடாக எழுதிக் காட்டினாள். சாய்வைச் சொல்லும் நாலில் ஒன்று படித்திறனாம், தொடக்கத்தைச் சொல்லும் நூற்றைம்பது வெட்டுத்துண்டாம்.

3. மஞ்சள் முடிச்சு

பூ வரவேண்டிய இழையில் மஞ்சள் நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நெய்தேன். முந்நூறு ஊடை ஆனபோது கோடு இன்னும் முடிச்சுக்கு ஒரு விரற்கடை இடப்பக்கம் நின்றது. கணக்குப் பிழையோ?

மாமி குனிந்து பார்த்தார். "விலகிக் கிடக்கேடி! கொஞ்சம் தள்ளிப் போடு."

"தள்ளக்கூடாது மாமி. இன்னும் நூறு ஊடை கிடக்கு."

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"வாயும் இருக்கா உனக்கு?" என்றார் மாமி. ஆனால் போகவில்லை, பக்கத்திலேயே நின்றார்.

நானூறாவது ஊடையை அடித்தேன். சிவப்பு நூல் மஞ்சள் முடிச்சில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை சம்மாந்துறை உம்மா விரிப்பை விரித்து, இரண்டு கோட்டிலும் விரலை ஓட்டினார். "இப்பதான் சண்ட தீர்ந்திருக்கு" என்று சிரித்தார். தறி என்னிடமே இருந்தது.

புதிதாகத் தறியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தொடங்கும் இழையைக் கணக்குப் பார்த்துப் பிடியுங்கள். பிறகு மனம் எவ்வளவு பதறினாலும் இடையில் கோட்டை இழுக்காதீர்கள்.