எருமை வெண்ணெயில் ஒரு கல்யாண கேக்

1. பானையோடு வந்தவர்

வெண்ணெய்ப் பானையோடு யாராவது பேக்கரிக்குள் வந்தால் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். என் கேக் வகுப்புக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு வந்தது அவர்களுக்கு வந்தால் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு பேக்கரியில் ஐசிங் பிரிவில் இருந்தேன். ஐசிங் மாஸ்டர் என்றாலே மீசை வைத்த ஆள் என்று நினைத்த காலம். கேக் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மாஸ்டர் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்றால் வெளியே போய்க் கடைப் பலகையைப் பார்த்துவிட்டு வருவார்கள். எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

ஒரு வைகாசியில் பொன்னுச்சாமி அண்ணன் வந்தார். தாராபுரம் பக்கம் விவசாயம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் துணி கட்டிய மண்பானை. கவுண்டரில் முதலாளி இருந்தார். ஓவன் பக்கம் சாதிக் பாய் இருந்தார், எங்கள் டெலிவரி வேன் ஓட்டுகிறவர்.

"ஏனுங்க, புள்ளைக்குக் கல்யாணமுங்க. வர்ற முகூர்த்தம். சாயங்காலம் பொழுதோட ரிசப்சனு வெக்கறாங்க. காலேஜ்ல படிச்ச புள்ளைங்களா, அதுக்குக் கேக்கு வெட்டோணும்னு ஆசைங்க. முட்டை மட்டும் ஆகாதுங்க."

"அதுக்கென்னுங்க, ஜோராப் பண்ணிப்போடலாம்" என்றார் முதலாளி.

அண்ணன் பானையைக் கவுண்டர் மேல் வைத்தார். "இது எங்க ஊட்டு எருமை வெண்ணெய்ங்க. கேக்குக்கு வெண்ணெய் போடுவாங்கன்னு புள்ள சொல்லுச்சு. அவளுக்கு அம்மா இல்லீங்க. நகை நட்டெல்லாம் ஆசாரிகிட்டச் சொன்னாச்சு, சேலை கடையில எடுத்தாச்சு. நம்ம கையால ஒண்ணாவது இருக்கோணுமில்லீங்களா? நானே தயிரு சிலுப்பி எடுத்ததுங்க. இதையே போட்டுருங்க."

வேலை தெரிந்தவர்கள் இதைப் படிக்கும்போதே வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். வெயில் காலத்தில் க்ரீமில் வனஸ்பதி கலந்துதான் அடிப்போம், இல்லாவிட்டால் ரோஜாப்பூ நிற்காது. வெறும் வெண்ணெய் இளகும். அதிலும் வீட்டு வெண்ணெயில் தண்ணீர் இருக்கும், சர்க்கரையோடு அடித்தால் திரிந்து போகும். இது எனக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், வேன் ஓட்டும் சாதிக் பாய்க்கே தெரியும்.

மூன்று பேரும் பானையைப் பார்த்தோம். அவர் முகத்தைப் பார்த்தோம். "ஆகாதுங்க" என்ற ஒரு சொல் மூன்று பேர் வாயிலும் வரவில்லை.

"ஆகட்டுங்க" என்றார் முதலாளி.

"ஆகட்டுங்கண்ணா" என்றேன் நான்.

எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அது ஆளைக் குழியில் தள்ளிவிட்டு, "பாத்துப் போங்க" என்றும் சொல்லும்.

2. முதலாளி சொன்ன வழி

அவர் போனதும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ரங்கம்மா, நம்ம க்ரீமே போட்டுருங்க. அந்த வெண்ணெய நெய்யாக் காச்சி ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அவருக்கென்ன தெரியப்போகுது? ரோஸ் நின்னாப் போதும்."

நல்ல மனுஷர்தான். ஆனால் எனக்கு வந்ததே கோபம்! "அம்மா இல்லாத புள்ளைக்கு அப்பன் சிலுப்பின வெண்ணெய்ங்க. அதுல நெய் காச்சி என் பிள்ளைகளுக்குச் சோத்துல ஊத்தறதாங்க?" என்றேன். "அப்பறம் நின்னா உங்க சாமர்த்தியம், உழுந்தா உங்க தலவலி" என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போனார்.

முதலாளிக்கு என் மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குக் காரணம் என் வியாழக்கிழமைகள்.

வியாழன் எனக்கு வார லீவு. வீட்டு வேலையை முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்த வண்டியில் ஜன்னல் சீட்டு காலியோ அதில் ஏறுவேன். பல்லடம், உடுமலை, சத்தி, எங்கே போனாலும் சரி. இறங்கி ஒரு டீ, அடுத்த வண்டியில் திரும்பி வந்துவிடுவேன். போகிற இடத்தில் ஒரு வேலையும் கிடையாது, சொந்தக்காரர் கிடையாது, கோயில்கூடக் கிடையாது. சும்மா பார்த்துக்கொண்டே போவது. அவ்வளவுதான் என் சுகம். என் வீட்டுக்காரர், "மத்தவங்க சினிமாவுக்குப் போறாங்க, இவளுக்குப் பஸ்ஸே சினிமா" என்பார்.

வால்பாறை ஏறும் வளைவுகளில் தேயிலைச் செடிகள் இடையிடையே பாதை விட்டு அடுக்கடுக்காக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பார்டர் போட்டேன், கடையில் நன்றாக ஓடியது. சென்னிமலையில் துவைத்துக் காயப்போட்டிருந்த பெட்ஷீட்டுகளின் கோடுகளை ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் போட்டேன். எங்கே பிடித்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

முதலாளியோ நான் வேறு பேக்கரிகளில் வேலை தேடி ஊர் ஊராக அலைகிறேன் என்று முடிவே கட்டியிருந்தார். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: "திருப்பூர்ல எவ்வளவு தர்றேங்கறாங்க?" "ஜன்னல் சீட்டுத் தர்றாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

3. குண்டடம் தாண்டி

வெண்ணெயை ஐஸ் தண்ணீரில் பலமுறை அலசி, துணியில் கட்டிப் பிழிந்து, ஃபிரிட்ஜில் இறுக வைத்து, ஐசிங் சுகர் போட்டு அடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாக வந்தது. கீழே பெரிய செவ்வகம், மேலே சின்ன வட்ட அடுக்கு, சுற்றி ரோஜா. ஏசி இல்லாத வேனில், கேக் பெட்டியைச் சுற்றி ஐஸ் பாரைச் சாக்கில் கட்டி வைத்து, நானும் சாதிக் பாயும் தாராபுரத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பினோம். கேக்கைச் சரிசெய்ய ஸ்கிரேப்பர், கோகோ பவுடர் எல்லாம் வைத்திருக்கும் ரிப்பேர் சாமான் பையையும் எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் நான் எந்த டெலிவரிக்கும் போனதில்லை.

குண்டடம் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. சாதிக் பாய்க்கு வீட்டில் புறாக்கள் உண்டு, அவற்றுக்குத் தீனி வைக்க மறக்கவே மாட்டார். ஸ்டெப்னிக்குக் காற்று வைக்க மறந்துவிட்டார். "வண்டிக்கு ரெக்கை இருந்திருந்தா ஞாபகம் வந்திருக்கும்!" என்று கத்தினேன். பாவம், டயரை உருட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார்.

பின்கதவைத் திறந்தேன். ஐஸ் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. மேல் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ரோஜாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கீழே இறங்கி, அட்டையில் கிடந்தன. உட்கார்ந்து அழுதேன் என்றே சொல்கிறேன், இதில் வெட்கம் என்ன? கேக்குக்காக அழவில்லை. அந்த மனுஷர் மாப்பிள்ளை வீட்டு உறம்பரை சனத்துக்கு முன்னால் நிற்பாரே, அவர் கையால் செய்தது என்று சொன்ன ஒரே பொருள் இப்படிக் கிடக்கிறதே என்று அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே பார்த்தேன். முந்தின வாரம் மழை பெய்திருந்தது. ரோட்டோர மானாவாரிக் காட்டில் ஒருவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். செம்மண், ஈரம் காயாத நிறம், கிளுவை வேலி வரைக்கும் சால் சாலாக ஓடியிருந்தது. இப்படிப்பட்ட காடுகளை எத்தனையோ வியாழக்கிழமைகள் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். வரப்போரம் ஏர் திரும்பும் இடத்தில் சால் நேராக நிற்காது, ஒரு வளைவு வளைந்துதான் திரும்பும். அந்த வளைவு எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

இளகிய க்ரீமில் உயரமாக எதுவும் நிற்காது. ஆனால் கோடு நிற்கும்.

சாதிக் பாய் பஞ்சர் ஒட்டிய டயரோடு வந்து சேர்ந்தார். "அக்கா, திரும்பிப் போயிரலாமா? மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"திரும்பறதா? மண்டபத்துக்கு ஓட்டுங்க பாய். சமையக்கட்டுல ஒரு மேசை வேணும், ஃபேன் இருந்தா இன்னும் நல்லது" என்றேன்.

4. சமையல்கட்டில் ஓர் உழவு

மண்டபத்துச் சமையல்காரர் நல்ல மனிதர். காய் நறுக்கும் மேசையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். மேல் அடுக்கை எடுத்துப் பொடியாக உதிர்த்தேன். ரோஜா, பார்டர் எல்லாவற்றையும் வழித்து ஒரு பாத்திரத்தில் போட்டேன். பையில் இருந்த கோகோ பவுடரைக் கொட்டி, கேக் தூளையும் சேர்த்துப் பிசைந்தேன். தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், க்ரீம் இறுகும். நிறம் நான் ரோட்டோரம் பார்த்த அதே மண் நிறமாக வந்தது.

செவ்வகத்தின் மேல் அதைப் பரப்பி, பல் வைத்த ஸ்கிரேப்பரால் இழுத்தேன், நாங்கள் அதைச் சீப்பு என்போம். ஓரத்துக்கு வந்ததும் கையை வளைத்துத் திருப்பினேன். மறுபடி ஒரு கோடு, மறுபடி ஒரு திருப்பம். மிச்சத் தூளை அங்கங்கே மண்கட்டி மாதிரி உதிர்த்தேன். சமையல்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, வெள்ளாமை எப்பம்மா?" என்று கேட்டார்.

மேடைக்குக் கேக் போனது. நானும் பின்னாலேயே போய் ஓரமாக நின்றேன். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், சரிகைத் துண்டுக்காரர், குனிந்து பார்த்தார். "என்னுங்க இது? கேக்குன்னாப் பூவு கீவு இருக்கும். மண்ணைக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொன்னுச்சாமி அண்ணன் கேக்கைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அப்போது கல்யாணப் பெண் கவிதா, மாலையைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "அப்பா! நம்ம மேக்கால காடுங்கப்பா!" என்றாள். "ஏரு திரும்பற எடங்கூட இருக்குது பாருங்க."

அவ்வளவுதான். மேடையைச் சுற்றி விவசாயிகள் கூடிவிட்டார்கள்.

"ரெண்டாம் ஒழவுங்க இது."

"சாலு சித்த அகலமாப் போயிருச்சு, ஆனா நேராத்தான் இருக்குது."

"அந்த மூலையில மாடு மெரண்டிருக்கும்போல, கோணிக்கிச்சு பாருங்க."

அந்த மூலையில் என் சீப்பு வழுக்கியது, மாடு ஒன்றும் மிரளவில்லை. சரிகைத் துண்டு மாமாவும், "மழை பேஞ்ச ஈரத்துல ஓட்டின மாதிரி இருக்குதுங்க" என்று சேர்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் அண்ணனுடைய மேற்கால காட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் சீமையில் உழுத காடு எல்லாமே ஏதோ ஓர் அப்பாவின் காடுதான்.

வகுப்பில், "டிசைன் எங்கிருந்து புடிக்கறீங்க மேடம்?" என்று கேட்பவர்களுக்கு இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கையை நான் பழக்கித் தருகிறேன். கண்ணை நீங்கள்தான் அவ்வப்போது வேலையில்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உங்களுக்குப் புறா பிடிக்குமா, புறாவைப் பாருங்கள். தையல் கடை வாசலில் கிடக்கும் வெட்டுத் துணி பிடிக்குமா, அதைப் பாருங்கள். எதற்கு ஆகும் என்று மட்டும் அப்போதே கேட்காதீர்கள்.

5. முதல் துண்டு

கவிதா கத்தியை வைக்கப் போனாள். "சாலோட போக்குலயே வெட்டு கண்ணு" என்றார் அண்ணன். அப்படியே வெட்டினாள். முதல் துண்டை மாப்பிள்ளைக்கு ஊட்ட வேண்டும் என்று போட்டோக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அவள் அப்பா பக்கம் திரும்பி அவர் வாயில் வைத்தாள்.

அவர் அதுவரை கேக் சாப்பிட்டதே இல்லை என்று பின்னால் தெரிந்தது. மெதுவாக மென்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நம்ம எருமைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தானுங்க. சக்கரைக்கு அடியில இருக்குது பாருங்க, நம்ம எருமை வெண்ணெய்ங்க இது" என்றார். கவிதா அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். அவர் துண்டால் முதலில் அவள் கண்ணைத் துடைத்தார், அப்புறம்தான் தன் வாயைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதலாளி சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ரோஜா ஒன்றுகூட உதிராமல் நின்றிருக்கும். எல்லோரும் மெச்சியிருப்பார்கள். அண்ணன் மென்று மென்று தேடியிருப்பார். தன் வெண்ணெயைக் காணாமல் ஒரு நிமிஷம் நின்றிருப்பார். ஆனால் எங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே, வாய்விட்டு ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்று கை கூப்பியிருப்பார். நானும் அதை நம்பிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பேன்.