கியர் கேபிள் அறுந்த வாரம்

போன வாரம் ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

வண்டிக்கு அடியில் வேலை இருந்தது.

எனக்கு இடது முட்டி மடங்காது. கழக்கூட்டத்தில் கட்டட வேலை பார்த்தபோது சாரத்திலிருந்து விழுந்தேன். கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் பிக்கப். செகண்ட்ஹேண்ட். விழிஞ்ஞம் ஹார்பரில் மீன் ஏற்றி, கழக்கூட்டம் ஹாஸ்டல் மெஸ்களுக்குக் கொண்டு போகிறேன். மீன் பார்த்து எடுப்பது மனைவி செல்வி. ஓட்டுவது நான்.

அன்று காலை பெட்டியெல்லாம் ஏற்றியாச்சு. லிவரை பார்க்கிங் 'பி'யிலிருந்து டிரைவ் 'டி'க்கு இழுத்தேன். பிடிமானமே இல்லை... பாயசத்தில் கரண்டி விட்ட மாதிரி. இன்ஜின் உறுமுது. வண்டி அசையவில்லை.

செல்வியின் தம்பி ராஜன், ஃப்ரெண்டு வண்டியோடு வந்தான். மீனை மாற்றினோம். அவன் ஓட்டினான். நான் பக்கத்து சீட்.

பைபாஸ் ஏறியதும் ஆரம்பித்தான்.

"அத்தான், இதை வித்துத் தள்ளிருங்க. கிளட்ச் வண்டி ஒண்ணு எடுப்போம். நான் ஓட்டுதேன். நீங்க சும்மா பக்கத்துல இருங்க."

நல்ல மனசுதான். ஆனால் பக்கத்தில் இருப்பது ஒரு வேலையா? இன்றைக்குப் பக்கத்து சீட். நாளைக்கு வீட்டு நாற்காலி.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பொருள் நின்றுபோனால், திறந்து பார்க்க ஆள் வராது. தள்ளிவிடச் சொல்ல ஆள் வரும். முட்டி போனபோதும் அப்படித்தான் வந்தார்கள்.

ஹார்பருக்குத் திரும்பியதும் மெக்கானிக் பைஜு வந்தான். மலையாளி. லிவரை ஆட்டினான்.

"கியர்பாக்ஸ் போயி, அண்ணாச்சி."

குனியக்கூட இல்லை.

"அடியில போய்ப் பாரு" என்றேன்.

"எந்தினா?" எதற்கு என்கிறான்.

"பாரு."

முனகிக்கொண்டே புகுந்தான். அப்புறம் சிரிப்பு.

"பாக்ஸுக்கு ஒண்ணுமில்லா! கேபிளாணு அறுந்தது!"

லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு கேபிள். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி — கொஞ்சம் தடி. துருப்பிடித்து அறுந்திருந்தது.

"வண்டிக்குள்ள தண்ணி அடிச்சுக் கழுவுமோ அண்ணாச்சி?"

மீன் வண்டி. நாறும். ஹாஸ்டல் கேட்டில் செக்யூரிட்டி மூக்கைப் பொத்துவார். அதனால் தினமும் கேபினுக்குள்ளேயும் ஹோஸ் போட்டு அடிப்பது வழக்கம். செல்வியின் வழக்கம்.

அவளைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"இது வண்டியோ எருமையோ? இப்படிக் குளிப்பிக்கான்!"

புதுக் கேபிள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். அதுவரை ராஜன் ஓட்டினான். நான் கையை மடியில் வைத்து ரோட்டைப் பார்த்தேன்.

"இந்த வண்டிய வாங்க ஒரு ஆள் இருக்கு, அத்தான்."

"கேபிள் வரட்டும்."

வந்தது. டயருக்குக் கல் வைத்தோம். பைஜு லிவர் பெட்டியைக் கழற்றி, பழசை உருவி, புதுசைத் தரை ஓட்டை வழியாக விட்டான். கியர்பாக்ஸ் முனையில் ஒரு கிளிப். சந்துக்குள் அவன் கை போகவில்லை. என் கையும் போகவில்லை.

செல்வி நைட்டிக்கு மேல் என் பழைய சட்டையை மாட்டினாள். படுத்தாள். உள்ளே போய்விட்டாள்.

"மீன் செவுளுக்குள்ள விடுற கைதான... தள்ளுங்க."

டக்.

சாவி போட்டேன். சத்தமே இல்லை. லிவரை ஒவ்வொரு இடமாக மாற்றிப் பார்த்தோம். 'டி'யில் வைத்தால் ஸ்டார்ட் ஆகிறது! 'பி'யிலோ நியூட்ரலிலோதான் ஸ்டார்ட் ஆகணும். எந்த ஊரில் நடக்கும் இது?

ராஜன் விழுந்து விழுந்து சிரித்தான். "வாங்க வாறவன் இதைப் பாத்தா ஓடியே போயிருவான் அத்தான்."

"கிளிப்பைக் கழட்டு" என்றேன்.

"அண்ணாச்சி, ஊணு கழிச்சிட்டு—"

"கழட்டு. அப்புறம் சாப்பிடலாம்."

லிவர் நியூட்ரலில் நின்றால் பாக்ஸும் நியூட்ரலில் நிற்கணும். பாக்ஸை 'பி'யிலிருந்து ரிவர்ஸ், நியூட்ரல் என்று ரெண்டு சொடுக்கு நகர்த்தணும். ஒன்றோடு நிறுத்தியிருக்கிறோம். பைஜு மேலே லிவரைப் பிடித்தான். செல்வி அடியிலிருந்து கத்தினாள்.

"ஒண்ணு... ரெண்டு! ஆட்டாதேயும் பைஜு!"

மறுபடியும் டக்.

'பி'யில் ஸ்டார்ட் ஆனது. 'டி' போட்டேன். நகர்ந்தது.

யாரும் கை தட்டவில்லை. நானும் சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி: 'பி' வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா?

ஹார்பரிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு மேடு. பாதியில் நிறுத்தினேன். 'பி' போட்டேன். ஹேண்ட்பிரேக் போடவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். பின்னால் நடந்துவந்த பைஜு ஓரமாகக் குதித்தது கண்ணாடியில் தெரிந்தது.

வண்டி ஒரு குலுக்கு குலுங்கியது.

நின்றது.

மறுநாள் காலை மீன் ஏற்றினோம். ராஜன் வேகமாக வந்து டிரைவர் கதவைத் திறந்தான். அவனுக்கு அது பழகிப்போயிருந்தது.

உள்ளே நான்.

"அந்தப் பக்கமா ஏறு, மாப்ள" என்றேன்.