அம்மாவின் போனுக்கு நான் போட்ட மதிப்பெண்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் யார் போன் வாங்குவதாக இருந்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தட்டச்சு வேலை பார்க்கும் எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவேன். ஒரு நோட்டின் பின்பக்கம் கோடு கிழித்து நிறை, குறை எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டுவிடுவேன்.

அம்மா ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறாள். நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் ரிங் பிரேம் என்னும் நூற்பு மிஷின் பார்த்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நானும் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டேன். தினமும் போனில் ஒழுங்காகப் பேச வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவளை வேறு எந்தத் தைரியத்தில் தனியே விடுவது?

அந்த நிபந்தனையில்தான் அம்மா தினமும் தோற்றுக்கொண்டிருந்தாள். “மாத்திர போட்டியாம்மா?” என்று கேட்டால், “இங்க மழயே இல்ல” என்பாள். “கதவப் பூட்டிட்டியா?” என்றால், “அவரக்காதான் வச்சேன்” என்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நேரில் போனால் கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் வரும். கோளாறு அவளுடைய பழைய பட்டன் போனில்தான் என்று முடிவு கட்டினேன்.

பத்தாயிரத்துக்குள் எட்டு போன்களை அலசி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போனேன். ஸ்பீக்கர் சத்தத்தைச் சோதிக்க ஒரு பாட்டை முழுசாக அலறவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பரம திருப்தி. கடைக்கார பாய்தான், “யூஸ் பண்ணப் போறது அவிய. அவியகிட்டயும் ஒரு வார்த்த கேளுங்கக்கா” என்றார்.

அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேசுறவ மொகம் நல்லாத் தெரியுமா இதுல?” என்று கேட்டாள்.

“எல்லாப் போன்லயும்தான் தெரியும். மொதல்ல காதுல கேக்கட்டும்” என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அன்று நோட்டில் எழுதியது இது. நிறை: சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறது, சத்தம் ஊரைக் கூட்டுகிறது, எழுத்து பெரிதாகத் தெரிகிறது. குறை: செங்கல் கனம், கூப்பிட்டால் மேசையே ஆடுகிற முரட்டு வைப்ரேஷன், வீடியோ காலில் படம் முந்திக்கொண்டு வர, குரல் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. பத்துக்கு ஏழு.

வீடியோ இல்லாமல் வெறும் குரலிலேயே கூப்பிட்டு மூன்று வாரம் போயிற்று. பதில்கள் மாறவில்லை. போனைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை போட்டேன். பாய் என் முன்னாலேயே பேசிக் காட்டி, “மணி மாதிரி கேக்குதேக்கா” என்றார். எனக்கு ஆத்திரம் அம்மா மேல் திரும்பியது. வேண்டுமென்றே கவனிக்காமல் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அம்மா அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லாமல், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவியபடி, “அடுத்த வாரம் பெட்டியக் கட்டு. எங்கூட வந்துரு” என்றேன். பதில் இல்லை. கோபம் என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். அப்போதும் பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு மில்லில் வேலை பார்த்த சிநேகிதி அங்கே துணி காயப்போட்டபடி நின்றாள். தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் ரேடியோ செட் காதைக் கிழித்தது. அதற்கு நடுவே இருவரும் குரலே இல்லாமல் வெறுமனே வாயை அசைத்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மிஷின் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது என்பதால் மில் பெண்கள் எல்லாரும் பழகிக்கொண்ட பேச்சு அது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஏதோ விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தேன். “ஒனக்குக் காது கேக்கலயாம்மா?”

அம்மா காயை நறுக்கிக்கொண்டே, “இப்பத்தான் தெரியுதாக்கும்” என்றாள்.

“எம்புட்டு நாளா?”

“நீ பத்தாப்புப் படிக்கையில கொறைய ஆரம்பிச்சது. வெளிய சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாகன்னு இருந்தேன். பொறவு சொல்லிப் பழகல.”

நான் அழுதேன். இருபது வருஷமாக என் உதட்டைப் பார்த்தே என்னோடு பேசியிருக்கிறாள். எனக்கு அது தெரியவே இல்லை. “செத்த நேரம் அழுதுட்டு, அந்தச் சட்டிய எடு” என்றாள்.

காது டாக்டரிடம் காட்டினோம். மாட்டிவிட்ட கருவியில் மறுபடியும் மில் இரைச்சல்தான் கேட்கிறது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள். பெட்டி கட்டும் பேச்சை நான் எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிடுகிறேன். மேசையை ஆட்டும் அந்த முரட்டு வைப்ரேஷனை மடியில் வைத்தே உணர்ந்து எடுத்துவிடுகிறாள். படம் முந்தி வந்தால் போதும், குரல் பிந்தி வருவது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் குறை என்று எழுதிய மூன்றில் இரண்டு இப்படிக் கோட்டைத் தாண்டி நிறைப் பக்கம் வந்துவிட்டன.

முதல் வாரம் மட்டும் கொஞ்சம் தடுமாறினோம். “ஒம் போன்தான் சரியில்ல. மூஞ்சி மாவு பூசுன மாதிரி வருது, ஒதடே தெரியல” என்றாள். அலுவலகமே மெச்சிய என் போன் அது. முகத்தை மெழுகிக் காட்டும் அழகு வசதியை அணைத்தேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். அன்று, “மாத்திர போட்டியா?” என்றதும், “போட்டாச்சு, ரெண்டும்” என்று பதில் வந்தது. மில்லிலிருந்து ஓய்வு பெற்று வந்த நாள் முதல் போனில் அவள் சொன்ன முதல் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

சென்ற வாரம் அவள் சொன்ன எதற்கோ அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டே பேசிவிட்டேன். அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.

“ஏட்டி, நீ சிரிச்சுக்கிட்டே பேசுனா ஒரு வார்த்தையும் புரிய மாட்டேங்கு” என்றாள். பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். “பரவால்ல. சிரி.”