மண்டூர்க் காருக்குப் புது பிறேக்

கொழும்பு பஸ் மட்டக்களப்பு நகருக்குள் நுழைந்தபோது காலை ஏழேகால். முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய வழி. பதினொரு இடங்களில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறியிருந்தேன். பையில் துணி இரண்டு சோடிதான். மிச்சமெல்லாம் இரும்பு: உடைந்த ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய முன்சக்கர டிஸ்க் இரண்டு, அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் இரண்டு, றப்பர் குழாய்கள், உள்ளங்கை அளவில் ஒரு மின்சார எண்ணெய்ப் பம்ப்.

அந்த யுத்த வருடங்களில் நான் கொழும்பில் பழைய கார்கள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவதற்காக நாற்பது வருடக் கார்களைத் துடைத்து வைத்திருக்கும் கனவான்களுக்கு டிஸ்க் பிறேக் பூட்டிக் கொடுப்பது என் தொழில். இந்த முறை பூட்டப் போனது என் அக்காவின் புருஷன் தவராசா அத்தானின் மொறிஸ் மைனருக்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மண்டூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வாடகைக் காரும் அம்புலன்சும் அது ஒன்றுதான்.

போன மாரி மழைக்காலத்தில் ஒரு இராணுவக் காவலரணை நெருங்கும்போது அத்தான் பிறேக்கை மிதித்திருக்கிறார். மிதி தரையைத் தொட்டதாம், கார் நிற்கவில்லை. தடைக்கு வைத்த தார்ப்பீப்பாயை இடித்துக்கொண்டு உருண்டது. சுட்டார்கள். யோகம் என்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன பயணம் அது. அவளுடைய புருஷன் முன்சீற்றிலேயே முடிந்துபோனான். மறுநாள் பிள்ளை பிறந்தது. அத்தான் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரி: “தம்பி, மிதிச்சா நிக்கிற கார் ஒண்டு எனக்கு வேணும்.”

எட்டரைக்குக் காத்தான்குடியில் இறங்கி பிறேக் ஒயில் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். தமிழர், முஸ்லிம் என்ற இரண்டு சமூகத்துக்கும் நடுவில் ஊறிய கசப்பு அந்தப் பார்வையில் இருந்தது. என் பார்வையிலும் இருந்திருக்கும்.

“எந்தப் பக்கம் போறீங்க தம்பி?”

“மண்டூருக்கு, காக்கா.” அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

“அப்ப டின்னோட குடுத்தா பறிச்சிருவாங்க.” பாணி மருந்துப் போத்தல் இரண்டில் ஊற்றி, மூடியை இறுக்கித் தந்தார்.

பதினொரு மணிக்குக் குருமண்வெளித் துறை. அங்கிருந்து வாவியைக் கடக்க, இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்த ‘பாதை’ போகும். ஆளுக்கு இரண்டு ரூபாய். ஏறுவதற்கு முன் பை மறுபடி திறந்தது. டிஸ்க்கைச் சிப்பாய் தட்டிப் பார்த்து வைத்தான். பம்பில் இரண்டு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதைத் தனியே எடுத்து மேசையில் வைத்தான்.

“கார் சாமான், ஐயா. எண்ணெய் இழுக்கிறது.”

“வயர் போக ஏலாது,” என்றான் கொச்சைத் தமிழில். இரண்டு நாள் தங்க ‘பாஸ்’ என்ற அனுமதிச் சீட்டும் எழுதித் தந்தான். பம்ப் மேசையிலேயே கிடந்தது.

மண்டூர்க் கரையில் அத்தான் காருடன் நின்றார். பெற்றோல் அந்தக் கரைக்கு வருவது அபூர்வம். பொனற்றுக்குள் தொங்கவிட்ட சேலைன் போத்தலிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டித்தான் கார் ஓடியது. ஏற்றத்தில் இருமிற்று, இறக்கத்தில் ஓடிற்று, நிறுத்தும் இடத்துக்கு முப்பது யார் தூரம் முன்னாலேயே கியரைக் குறைக்க வேண்டியிருந்தது.

அன்று இருட்டும்வரை வேலை. பழைய பிறேக் டிரம்களைக் கழற்றி, டிஸ்க்குக்கு ஏற்றபடி துளையிட்டுப் பூட்டினேன். பம்ப் இல்லாததால், மண்ணெண்ணெய் தானாக இறங்கி வர பிஸ்கட் டின் ஒன்றை உயரத்தில் ஈயம் பற்றவைத்துப் பொருத்தினேன். செப்புக் குழாயைப் புகைக்குழாயில் சுற்றி, மண்ணெண்ணெய் சூடாகி வரச் செய்தேன். கொஞ்சம் பெற்றோலில் தொடங்கி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற ஒரு திருகு. பிறேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க அக்கா சாரதி ஆசனத்தில் இருந்து மிதித்தாள்.

“மிதி, பிடி... இப்ப விடு.”

“மறுகாவும் மிதிக்கவா?”

“ஓம், கல்லு மாதிரி வரும்வரைக்கும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெள்ளோட்டம். நேரே போன மண்வீதியில் வேகமாய் வந்து மிதித்தேன். கார் குனிந்து, அதே இடத்தில் நின்றது. வேலியோரம் கைக்குழந்தையோடு யோகம் நின்றிருந்ததை அப்போதுதான் கண்டேன். அத்தான் இறங்கிப் போய் அவளுக்கு முன்னால் தலையைக் குனிந்தபடி நின்றார்.

“இப்ப நிக்கிது, என்னண்ணே?” என்றாள் அவள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிக்கு இயக்கப் பொடியன்கள் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். துவக்குகளை வேலியில் சாத்தினார்கள். ஒருவன் காரை வட்டையோரம்வரை ஓட்டிப்போய், நெல் வயல்களுக்குள் விழுந்துவிடுவான் போல வேகமெடுத்து, நிறுத்தி, திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு.

“நல்ல வேலை. காயப்பட்ட ஆக்கள ஏத்த எங்களுக்கு இது வேணும்.” பிறகு என்னைப் பார்த்தான். “நீங்களும் வாங்கண்ணன். இன்னும் ரெண்டு வாகனம் கிடக்கு.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாள் என்று கேட்கப் போனேன். அத்தான் முன்னுக்கு வந்து சாவியையும், எஞ்சிய பெற்றோல் போத்தலையும் அவனிடம் நீட்டினார்.

“காரக் கொண்டுபோங்க. நான் ஒண்டும் கேக்கல்ல. இவர விடுங்க. பின்னேரத்தோட இவர்ர பாஸ் முடியுது.”

அவன் கொஞ்சம் யோசித்தான். சாவியை வாங்கினான். இரண்டு பேர் காரில் போக, மூன்றாமவன் வேறு ஆட்கள் வரும்வரை மூன்று சைக்கிள்களையும் காவல் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் முற்றத்தில் இருந்தான். அக்கா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க முடியுமா?

மூன்று மணிக்குத் துறைக்கு நடந்தோம். பையில் துணியும் ஸ்பானர்களும் மட்டும். இருபது வருடம் அந்தக் காரை ஒருவரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. இருமுகிற, நிற்காத காரை எவன் பறிப்பான்? அதை நான் ஒரே நாளில் பறிக்கத்தக்கதாக ஆக்கியிருந்தேன். பாதை கரையைத் தட்டியபோது அத்தான் சொன்னார்.

“கொஞ்சம் பிழையா விட்டிருக்கலாமேடா தம்பி.”

என் உயிருக்குக் காரைக் கொடுத்த மனிதர் சொன்னது. இருந்தும் எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். நடு வாவியில் பார்த்தபோது கரையில் அவர் இல்லை.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு அக்காவின் கடிதம் வந்தது. காரைப் பற்றித் தகவல் இல்லை. உன்னிச்சைப் பக்கம் எரிந்து கிடந்ததாக ஒருவர் சொன்னாராம், வேறொருவர் அது வேறு கார் என்றாராம். நோயாளிகள் இப்போது மாட்டு வண்டியில் துறைக்கு வருகிறார்கள். அத்தான்தான் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். யோகத்தின் குழந்தைக்கு வலிப்பு வந்த அன்று வண்டி வந்து சேருமுன் பாதை போய்விட்டது. அடுத்த பாதைக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். “பிள்ளை இருக்குது,” என்று எழுதியிருந்தாள், “ஆனா ஒரு கை இன்னும் அசையல்ல.”