நானே கூட்டிய பாதை

கண்ணைக் கட்டி விட்டாலும் கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காட்டுக்கு மலை மேலேயே நடந்து போய்ச் சேர்ந்துவிடுவேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் பொய். முந்தாநாள் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் வழி தவறினேன். கூட வந்தது எங்கள் நாய்.

நாலு நாளாக அது சோறு தொடவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. பங்குனி வந்தால் காப்பிக் காட்டில் உண்ணி பெருகிவிடும். தினம் பார்த்துப் பிடுங்கிப் போட வேண்டும். நான் காதை மட்டும் தடவிப் பார்த்து, 'நம்ம நாய் சுத்தக்காரன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குளிக்காமல் நாலு நாள் இருக்கிற நான், நாய்க்குச் சுத்தப் பட்டம் கொடுத்தவன்.

"உண்ணிக் காய்ச்சல்தானுங்க. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. எந்தம்பி பன்னண்டு மணிக்கு ஊட்டுக்கு வந்துருவான், பைக்கில போலாம்" என்றாள் என் சம்சாரம்.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளையே மரத்தில் மோதித்தான் நிறுத்துவேன். ஆனால் மச்சினன் பின்னால் உட்கார்ந்து போவதா? நான்தான் மலையேறுகிறவன் ஆயிற்றே.

"பன்னண்டு வரைக்கும் எதுக்கு அம்மிணி? குறுக்கு வழியில ரெண்டு மணி நேரம். உந்தம்பி வர்றதுக்குள்ள நான் ஊசி போட்டுட்டுத் திரும்பியிருப்பேன்."

"அது நடக்குமாங்க?"

"நான் நடக்கறன்ல? அதும் நடக்கும்."

ஏழு மணிக்குக் கழுத்தில் கயிறு கட்டிக் கிளம்பினோம். காப்பியைப் பூக்க வைக்கிற பூமழை இந்த வருசம் இன்னும் வரவில்லை. காப்பிச் செடியில் மொட்டெல்லாம் வறண்டுபோய் நின்றன. சில்வர் ஓக் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டிருந்தன. காய்ந்த சில்வர் ஓக் இலையில் நடப்பது சோப்புத் தேய்த்த தரையில் நடப்பது மாதிரி. முழங்கால் வரைக்கும் சருகு, அடியில் கல்லா குழியா தெரியாது. முதல் மேட்டிலேயே நான் மூன்று தடவை உட்கார்ந்தேன். நாய் நின்று நின்று என்னைப் பார்த்தது. நோயாளி யார் என்று அதற்கே சந்தேகம் வந்திருக்கும். வழியில் இருக்கிற ஊற்றும் வற்றிப்போயிருந்தது. நாய் ஈர மண்ணை நக்கிவிட்டுத் தள்ளாடி நடந்தது.

மேட்டு உச்சியில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் சருகுதான். பாதை இருக்கிற அடையாளமே இல்லை. வலது பக்கம் மூன்று முழ அகலத்தில் வெறும் செம்மண், ஒரு இலைகூடக் கிடையாது. நாய் இடது பக்கம் போய்ச் சருகை முகர்ந்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"டேய், ரோடு மாதிரி கிடக்குது, அதுல வராமக் குப்பைக்குள்ள எங்க போற? காய்ச்சல்ல மூக்கும் போச்சா உனக்கு?"

அது எழுந்திருக்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கொஞ்ச தூரம் கால் தேய வந்தது. அப்புறம் எதிர்க்கப் பலம் இல்லாமல் பின்னாலேயே வந்தது. நான் முன்னால் போய்க்கொண்டே அதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் இறக்கம்.

பாதை ஒரு பாறையில் போய் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம். பாறை ஓரத்தில் தேய்ந்துபோன விளக்குமாறு ஒன்று சாய்ந்து நின்றது. பிடியில் சுற்றியிருந்த நீலத் துணி என் பழைய லுங்கியில் கிழித்தது.

அது பாதையே இல்லை. பயர் லைன். காட்டில் தீப் பிடித்தால் நாங்கள் வேலை பார்க்கிற எஸ்டேட்டுக்குள் வராமல் இருப்பதற்காக, வருசா வருசம் மாசிக் கடைசியில் சருகைக் கூட்டி வெறும் மண் தெரிய விடுகிற பட்டை. பாறையில் தீ ஏறாது, அதனால் பாறையோடு நிறுத்திவிடுவோம். போன வாரம் ஆறு ஆளோடு சேர்ந்து அதைக் கூட்டியவன் நான். எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் வந்து பார்த்து, "ரோடே போட்டுட்டீங்களேப்பா" என்று சிரித்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ரோடு போட்டவனே அதில் வந்து மாட்டுவான் என்று அவருக்குத் தெரியாது.

சிரிப்பு வந்தது. திரும்பி நாயைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அது பக்கவாட்டில் படுத்திருந்தது. வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. கயிறு அறுத்த இடத்தில் கழுத்து ரோமம் உரிந்திருந்தது.

தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்த வழியே ஏறினேன். இருபது கிலோவாவது இருக்கும். மேட்டுக்கு வந்து, நாய் முகர்ந்து காட்டிய சருகுக்குள் இறங்கினேன். காலால் தள்ளிப் பார்த்தால் அடியில் பழைய கல் படி. இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தேன். இரண்டாவது தடவை நாய் உருண்டு போய் ஒரு மரத்தில் முட்டி நின்றது. குரல்கூடக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர் பதினோரு மணிக்குத்தானுங்க கிளம்புனாரு. கரடியூர்ல மாடு கன்னு போட முடியாமக் கிடக்குதாம். கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதுங்களா?"

வந்திருக்கலாம். ஒன்பதுக்கே வந்திருக்கலாம்.

டாக்டர் வரும்போது மூன்று மணி. ஊசி போட்டு, காலில் டிரிப் ஏற்றினார். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எத்தன நாளாங்க இப்படி?"

"நாலு நாளுங்க."

"நொம்ப ரத்தம் போயிருக்குது. நடத்தியா கூட்டிட்டு வந்தீங்க?"

"பாதி தூரமுங்க. மீதி நான் சுமந்தனுங்க."

"இந்த நிலையில ஒரு அடிகூட நடக்க விடக் கூடாதுங்க. ரெண்டு நாள் தாண்டுனாப் பாக்கலாம்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மச்சினனுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்தான். நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவன் பின்னால்தான் உட்கார்ந்து வந்தேன். "ஏன் மாமா, எனக்காகக் காத்துட்டு இருந்திருக்கலாமுல்ல?" என்று கேட்டான். காற்றில் காது கேட்காத மாதிரி நாயின் மேல் சாக்கை இழுத்து மூடினேன்.

நேற்றும் அவன் பைக்கிலேயே கொண்டுபோய் இரண்டாவது ஊசி போட்டு வந்தோம். இன்று காலையில் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். பாதி உள்ளே போயிற்று என்று சம்சாரத்திடம் சொன்னேன். உண்மையில் எல்லாமே கடைவாயில் வழிந்துவிட்டது. சாகப் போகிற நாய் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போய்விடும் என்பார்கள், இது இன்னும் படுத்த இடத்தில்தான் கிடக்கிறது. இன்று சாயங்காலத்தோடு டாக்டர் சொன்ன இரண்டு நாள் முடிகிறது. அதற்குள் ஒரு வாய் அதுவாகக் குடித்துவிட்டால் போதும். நான் இனிமேல் யாரிடமும்—

"ஏனுங்க! சீக்கிரம் வெளிய வாங்க. நாய் எந்திரிச்சுருச்சு."

"தண்ணி குடிக்குதா அம்மிணி?"

"இல்லீங்க. காட்டப் பாத்துப் போகுது. எத்தன தடவ கூப்பிட்டும் திரும்பிப் பாக்க மாட்டீங்குது. வாங்க!"